சரூன் கை தூக்கிச் சொன்னது

ஸ்டாக்டனில் டோனட் கடை வைத்திருக்கும் கம்போடியர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. சக்கர நாற்காலியில் வெய்ன் ப்ராக்டர் எந்தக் கடைப் பக்கம் தென்பட்டாலும், அந்தக் கடைக்காரர் உடனே அடுத்த கடைக்குப் போன் போட்டுவிட வேண்டும். "நீலக்காரன் கிளம்பிட்டான், உன் பக்கம்தான் வர்றான்" என்று சொன்னால் போதும். வண்டி நிறுத்துமிடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று நீல வண்ணம் அடித்திருக்கும் கட்டத்தை வைத்து வந்த பட்டப்பெயர் அது. கட்டம் ஒரு சாண் குறைந்திருந்தாலும் சரி, வாசல் சரிவு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் சரி, கழிப்பறைக் கண்ணாடியை உயரத்தில் மாட்டியிருந்தாலும் சரி, ஒரு டோனட்டும் காபியும் வாங்கிப் போன மனிதரிடமிருந்து கொஞ்ச நாளில் வழக்கு வந்து நிற்கும். கலிஃபோர்னியாவில் சட்டம் அப்படி. அவர் கடைக்குள் வந்து போன ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக நஷ்டஈடு. நீலக்காரன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறேன் என்று புத்தர் கோயில் திருவிழாவில் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவரவர் முறை வந்தபோது அழுதவர்கள்தான்.

குந்தியாவின் கடைக்கு அந்தப் போன் வந்தபோது லைன் கிடைக்கவில்லை. அவள் கிளினிக்காரியோடு சண்டையில் இருந்தாள். அவள் கணவர் சரூனுக்கு இருப்பதே ஒரு கால். அந்தக் காலும் வீங்கிப்போயிருந்தது. டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது என்றாள் கிளினிக்காரி.

"அடுத்த மாசம் வரைக்கும் காலு காத்திருக்குமா? நீயே அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு" என்று கத்திவிட்டு, போனை வைத்து நிமிர்ந்தால் எதிரே ப்ராக்டர். கதவோடு மல்லுக்கட்டி எப்படியோ உள்ளே வந்திருந்தார். மேப்பிள் பாகு பூசிய டோனட் ஒன்றும் காபியும் கேட்டார். கொடுத்தாள். அவர் டோனட்டைத் தின்றார். காபியைத் தொடவில்லை. பிறகு கேட்டார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"உங்க நாற்காலி அதுல நுழையாது சார். பக்கத்துல துணி துவைக்கிற கடை இருக்கு பாருங்க, அங்க பெரிசா இருக்கும்."

"இப்பதானே ஒரு அம்மா போயிட்டு வந்தாங்க?"

"அவங்க ஒல்லி சார்."

ப்ராக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே டோனட் வைக்கும் இளஞ்சிவப்பு அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மீதி இடத்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து உட்காரலாம். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"காபி குடிக்கவா வந்தான்? கேஸ் போட வந்தவன்" என்று குந்தியா அந்தக் காபியைத் தொட்டியில் கொட்டினாள்.

சமையல்கட்டிலிருந்து சரூனின் குரல் வந்தது. "முதலாளியம்மா, யாரோட தகராறு?"

"உங்க சொந்தக்காரன்தான். நாற்காலிக்காரன்."

"என் நாற்காலியைவிட நல்ல நாற்காலியா?"

"ஆமா, உங்களைவிட நல்ல மூஞ்சி வேற. பேசாம மாவை வெட்டுங்க."

இந்த இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். தாய்லாந்து எல்லை முகாமில் அரிசிக்கு நின்ற வரிசையில்தான் முதலில் பார்த்துக்கொண்டார்கள். குந்தியாவுக்கு அப்போது சொந்தமென்று ஒருவரும் மிச்சமில்லை. கம்போடியாவில் படுகொலை ஆட்சி நடந்தபோது கால்வாய் வெட்டப் பிடித்துக்கொண்டுபோன பெண்கள் கூட்டத்திலிருந்து அவள் திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. சரூன் எல்லை தாண்டும்போது கண்ணிவெடியில் இடது காலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். "ஒத்தைக்காலை ஊன்றி நிக்கிறவனுக்கு வரிசை என்ன, வரிசை இல்லாட்டி என்ன, நீ முன்னாடி போ" என்று அவளை முன்னே விட்டார். முகாமிலேயே கல்யாணம் நடந்தது. அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் ஒரு நாள்கூடத் தனித்தனியாக இருக்கக் கூடாது. "எங்க ஓடப்போறேன், காலா இருக்கு?" என்றார் அவர்.

அமெரிக்கா வந்த பிறகு அவருக்குப் பழம் டப்பாவில் அடைக்கும் ஆலையிலும் அவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு விடுதியிலும் வேலை கிடைத்தது. இரண்டு பேருமே போகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருக்கக்கூடிய தொழில் எது என்று தேடி டோனட் கடைக்கு வந்தார்கள். முன்னால் அவள், பின்னால் அவர். ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி டெக்சாஸுக்குப் போய்விட்டாள். கடை அப்படியே இருந்தது. குந்தியாவுக்குக் கடை என்றால் வருமானம் மட்டுமில்லை, சரூனின் குரல் கேட்கும் தூரம்.

செயற்கைக்கால் போட்டு நின்றபடிதான் முதலில் வேலை செய்தார் சரூன். கால் துண்டுபட்ட இடத்தில் புண் ஆறாமல் போய், மறு முட்டியும் தேய்ந்த பிறகு சக்கர நாற்காலி வந்தது. குந்தியா சும்மா இருப்பவளா? மாவு வெட்டும் மேஜையின் கால்களை ரம்பத்தால் தானே அறுத்துக் குட்டையாக்கினாள். பின்வாசலில் பலகை போட்டுச் சரிவு செய்தாள். மாவு மூட்டையையும் சர்க்கரை டப்பாவையும் கைக்கெட்டும் தட்டுக்கு இறக்கினாள். கழிப்பறைக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, "பக்கத்துல துணி துவைக்கிற கடைக்குப் போய்க்கிறேன், அது தாராளமா இருக்கு, நீ உன் பெட்டியை அடுக்கிக்க" என்றார். அவள் பெட்டியை அடுக்கினாள்.

வழக்கு வந்துவிட்டது. கடைக்கும் கட்டட முதலாளிக்கும் சேர்த்தே போட்டிருந்தார்கள். முதலாளியின் ஆள் ஒருவன் வந்து, கடைக்குள் இருக்கும் எல்லாக் குறைக்கும் நீதான் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கோர்ட்டில் எங்களைத் தண்டித்தாலும் அதை உன்னிடம்தான் வசூல் செய்வோம், சரிப்பட்டு வராவிட்டால் கடையைக் காலி செய் என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் போனான். கனிவாகப் பேசுகிறவர்களை நம்பவே கூடாது. குந்தியா ஒர்டேகா என்ற வக்கீலிடம் போனாள். சின்ன ஆபீஸ், பெரிய வயிறு, நல்ல மனிதர்.

"பழைய கட்டடம் சார். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே கட்டினது. பழசுக்கு விலக்கு இருக்குதாமே."

"யாரு சொன்னது?"

"எல்லாக் கடைக்காரங்களும் சொல்றாங்க."

"அந்த எல்லாரும்தாம்மா என்கிட்ட வர்றாங்க. அப்படி விலக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு சுவரைத் தள்ளி வெச்சாச் சரியாகும்னா, தள்ளி வெச்சிருக்கணும். முன்னாடியே கட்டடம் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காமிச்சிருந்தா நமக்கு ஒரு பிடி இருந்திருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. சமாதானமாப் போயிடுவோம். ஏதோ குடுத்து, பாத்ரூமைச் சரிபண்ணிட்டு, கடையைக் காப்பாத்திக்கலாம்."

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் வழக்கில் இருந்த ஒரு சொல் குந்தியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. 'பாகுபாடு காட்டினார்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை, கோயிலில் யாரோ அவளுக்கு மொழிபெயர்த்தபோது, கால் இல்லாதவரை 'இழிவாக நினைத்தார்' என்று சொல்லிவைத்தார்கள். குந்தியா கொதித்துப்போனாள். நானா? கால் இல்லாதவரைக் கட்டிக்கொண்டு, அவருக்காக மேஜைக் காலை அறுத்தவளா? எவனோ ஒருவன் ஒரு டோனட்டைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்து இதைச் சொல்வதா? சமாதானம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றுவிட்டாள். இது அவள் செய்த தவறு. அவள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வாக்குமூலம் எடுப்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். குந்தியா சரூனையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டிருந்தாள். நீள மேஜை. ஒரு பக்கம் ப்ராக்டரும் அவருடைய வக்கீலும். அந்த வக்கீல் நரைத்த தலையோடு மெதுவாகப் பேசுகிற ஒரு பெண். இந்தப் பக்கம் குந்தியா, ஒர்டேகா, மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் ஊரில் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவராம், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குந்தியா கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். அவளுக்கென்ன பயம், அவள் நம்புவதைத்தானே சொல்லப்போகிறாள்.

"அவரு வாடிக்கையாளரே இல்லை. காபியை வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்கலை. கேஸ் போடறதுக்குன்னே வந்தாரு" என்றாள்.

"நாற்காலியில் வருகிறவர் உங்கள் கழிப்பறையைப் பயன்படுத்த முடியுமா?" என்று கேட்டாள் அந்த வக்கீல்.

"பக்கத்துக் கடையில இருக்கு. அங்க போகலாம். என் வீட்டுக்காரரே நாற்காலியிலதான் இருக்காரு. தினம் அங்கதான் போறாரு. இத்தனை வருஷத்துல ஒரு கஷ்டம்னு வாயைத் திறந்ததில்லை. வேணும்னா அவரையே கேளுங்க. வெளியிலதான் உக்கார்ந்திருக்காரு."

ஒர்டேகா அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம்மா. அவரை இதுல இழுக்காதீங்க. என்ன சொல்லப்போறாருன்னு நமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். கூப்பிடுங்க சார். கால் இல்லாதவரை நான் எப்படி வெச்சிருக்கேன்னு அவரு வாயால இவங்க கேக்கட்டும்."

எதிர்த்தரப்புக்கு இனிப்பாகத்தானே இருக்கும், சரி என்றார்கள். மதியமே சரூனை உள்ளே அழைத்துவந்தார்கள்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்களுக்குக் கையைத் தூக்குவது ஒரு சடங்கு. கிளார்க் வாய்க்குள் முணுமுணுப்பார், இவர்களும் ஆமாம் என்பார்கள். கம்போடியர்களுக்குச் சத்தியம் என்றால் காவல் தெய்வங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. பொய்ச்சத்தியம் செய்தவனின் வீட்டுக்குள் பசியும் நோயும் புகுந்து, அவன் பெண்டாட்டி பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கும். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கனமான பழைய சொல்லைத்தான் பயன்படுத்தினார். சரூன் பாதி தூக்கிய கையை அப்படியே நிறுத்தினார்.

"ஐயா, இது இவங்க ஊரு சத்தியமா, நம்ம ஊரு சத்தியமா?"

"சத்தியத்துல என்ன ஐயா ரெண்டு? சத்தியம் சத்தியம்தான்."

சரூன் குந்தியாவை ஒரு தடவை பார்த்தார். அவள் தைரியமாகத் தலையாட்டினாள். அவர் கையை முழுவதும் தூக்கினார்.

"நீங்கள் வேலை நேரத்தில் பக்கத்துக் கடைக் கழிப்பறைக்குப் போகிறீர்களா?"

"இல்லைங்க."

குந்தியா மொழிபெயர்ப்பாளரைத்தான் முதலில் முறைத்தாள், அவர் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டார் என்று.

"அப்படியானால் கடையில் இருப்பதையா?"

"அதுல நாற்காலி போகாதுங்க. நாற்காலி வந்த புதுசுல ஒருதடவை இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுவத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல விழுந்துட்டேன். அவ முன்னாடி வியாபாரத்துல இருந்தா. நானே எந்திரிச்சு வந்துட்டேன்."

"பிறகு எங்கே போவீர்கள்?"

"எங்கயும் போறதில்லைங்க."

"வேலை நேரம் முழுவதுமா?"

"வீட்டுக்குப் போற வரைக்கும். தண்ணி குடிக்கறதில்லை. குடிக்கலைன்னா அவ்வளவா வராது. வந்தாலும் பொறுத்துக்கலாம்."

"வேறு ஏதாவது வசதி செய்துகொண்டிருக்கலாமே, ஒரு புட்டி மாதிரி?"

அவர் முகம் சிவந்துபோனது. "சாப்பிடற பண்டம் செய்யற இடம்மா அது."

வாக்குமூலத்தைத் தட்டெழுதிக்கொண்டிருந்த பெண் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒர்டேகா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக என்று அந்த வக்கீல் கேட்டதும், நாற்காலி வந்ததிலிருந்து என்று அவர் சொன்னதும் குந்தியாவின் காதில் விழுந்தன. அவளால் அழக்கூட முடியவில்லை. அடுப்புப் பக்கத்தில், கொதிக்கும் எண்ணெய்க்கு எதிரே, வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கும் மனுஷன். தினமும் அவள் தன் கையால் காபி கலந்து கொண்டுபோய் வைப்பாள். குடித்துவிட்டதாகக் கோப்பை காலியாகத்தான் திரும்பி வரும்.

வெளியே வரும்போது நடையில் ப்ராக்டர் எதிர்ப்பட்டார். சரூனின் நாற்காலிக்கு நேராகத் தன் நாற்காலியை நிறுத்தினார்.

"நானும் அப்படித்தான். வெளியில கிளம்பற அன்னிக்குக் காபி, தண்ணி ஒண்ணும் வாயில வைக்க மாட்டேன்" என்றார். குந்தியாவைப் பார்க்காமல்தான் சொன்னார். சரூன் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். இவ்வளவு சொன்ன மனுஷன் அதற்காக வழக்கைத் திரும்பப் பெற்றுவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேனில் ஏறியதும் குந்தியா சாவியைத் திருகவில்லை.

"துணி துவைக்கிற கடைக்குப் போறேன்னு சொன்னீங்களே."

"முதல்ல போனேன். அங்க வாசல்ல ஒரு படி இருக்கு. அந்தக் கடைக்காரன்தான் தூக்கி விடுவான். கொஞ்ச நாள்ல அவன் மூஞ்சி போற போக்கு எனக்குப் பிடிக்கலை. விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"சுவத்தை இடிச்சிருப்பேன்!"

"முதலாளி விட்டிருப்பானா? நீ அவனோட மல்லுக்கு நின்னிருப்ப. அவன் முடியாதுன்னிருப்பான். அப்புறம் என்னை வீட்டுல உக்கார வெச்சு, டிவியைப் போட்டுவிட்டு, நீ மட்டும் கடைக்குப் போயிருப்ப. தனியா வீட்டுல நான் என்ன பண்ணுவேன் புள்ள?"

அதைத்தான் செய்திருப்பாள், அவளுக்கே தெரியும்.

"அதுக்குத் தாகத்தோட கிடந்தீங்களா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் தாகம் என்ன புதுசா?"

அவள் ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தாள். "இத்தனை வருஷம் என்கிட்ட வாய் கூசாம பொய் சொன்னீங்க. அங்க அந்தப் பொம்பளைகிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன? கடை போகப்போகுது. நாம ரெண்டு பேரும் இருக்கற இடம் போகப்போகுது!"

"சத்தியம் பண்ணச் சொல்லிட்டாங்களே. பொய்ச்சத்தியம் யாரைப் பிடிக்கும்? உன்னைத்தானே பிடிக்கும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரும் பார்க்கும்படி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஊரில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் சேர்த்து அழுதாள். சரூன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிளினிக்காரி கொடுத்த தேதிக்கு அவள் காத்திருக்கவில்லை. அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் நினைத்துக்கொண்டிருந்தது சர்க்கரை வியாதி. டோனட்டை ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். பசியில்லை என்றதற்கும், உடம்பு அசதியாக இருக்கிறது என்றதற்கும், கால் வீங்கியதற்கும் அந்த ஒரே திட்டுதான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். சர்க்கரை இருந்தது, ஆனால் அது மட்டுமில்லை, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. கற்கள் இருந்தன. அடக்கி அடக்கித் தேங்கியதில் புண்பட்ட தடம் இருந்தது. இனி வாரத்தில் மூன்று நாள் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்.

"டாக்டர், இதுல சர்க்கரையால வந்தது எவ்வளவு, தண்ணி குடிக்காததால வந்தது எவ்வளவு?"

"அப்படிப் பங்கு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரெண்டும்தான்."

"உத்தேசமாவாவது சொல்லுங்க."

"சொல்ல முடியாதும்மா."

அவள் அதையே மகளிடமும் ஒர்டேகாவிடமும் கோயில் குருவிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர்களும் என்ன சொல்வார்கள். ஆளுக்கு ஒரு ஆறுதல் சொன்னார்கள். அவள் கேட்டது ஆறுதல் இல்லை.

வழக்கு சமாதானமாக முடிந்தது. மகள் அனுப்பியதையும் வேனை விற்றதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கழிப்பறையைச் சட்டப்படி திருத்த ஒப்புக்கொண்டால் கடையில் தொடரலாம் என்று கட்டட முதலாளியும் இறங்கிவந்தான். குந்தியா அந்த வேலையில் வெறியோடு இறங்கினாள். பெட்டிகளை எல்லாம் அள்ளி வெளியே போட்டாள். பக்கத்திலிருந்த சாமான் அறையின் சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னாள். இன்ஸ்பெக்டராக வந்த பெண், சட்டம் இவ்வளவு கேட்கவில்லையே, இதைவிடக் குறைவாக இருந்தாலே போதும் என்றாள்.

"சட்டத்துக்கா கட்டறேன்? என் வீட்டுக்காரருக்குக் கட்டறேன். நாற்காலி நாலு சுத்துச் சுத்தணும்" என்றாள் குந்தியா. கைப்பிடிக் கம்பியைத் தானே பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் தரையில் உட்கார்ந்து பார்த்து, இன்னும் இறக்கு என்று மூன்று தடவை கழற்றி மாட்ட வைத்தாள். கட்டட வேலைக்காரன் அவளைக் கண்டாலே கும்பிட ஆரம்பித்துவிட்டான்.

அந்த நாட்களில் சரூன் கடைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வண்டி வந்து மெஷினுக்கு அழைத்துப் போகும், திரும்பக் கொண்டுவந்து விடும். அன்றைக்கு முழுக்க எழுந்திருக்க மாட்டார். அவருடைய மேஜையில் கூலிக்கு ஒரு ஆள் மாவு வெட்டினான். நல்லவன்தான், ஆனால் வாயே திறக்க மாட்டான். குந்தியா முன்னாலிருந்து பழக்கத்தில் ஏதாவது கேலியாகச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து பதில் வராததில் நின்றுபோவாள்.

வேலை முடிந்து இன்ஸ்பெக்டரும் சரி சொல்லிவிட்டுப் போன பிறகு, மெஷின் இல்லாத ஒரு நாள் மதியத்தில் அவரைக் கூட்டி வந்தாள். வேன் போய்விட்டதால் கோயிலில் ஒருவரிடம் வண்டி இரவல் வாங்கினாள். சரூன் மெலிந்துபோயிருந்தார், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளத்தது. முன்வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு வந்தாள். அகலக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் உள்ளே போய் நாற்காலியை ஒரு முழுச் சுற்று சுற்றினார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்தார்.

"அடேயப்பா. ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கலாம்."

"இருக்கட்டும். முதல்ல நீங்கதான் போகணும்னு யாரையும் விடலை. போயிட்டு வாங்க."

அவர் நாற்காலிச் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"எனக்கு இப்ப வர்றதே இல்லை, குந்தியா."

"என்ன வர்றதில்லை?"

"ஒண்ணுக்கு. எல்லாத்தையும் மெஷினே எடுத்துடுது. கொஞ்சங்கொஞ்சமாக் குறைஞ்சு நின்னே போச்சு. போகப் போக அப்படித்தான் ஆகும்னு நர்சு சொன்னா."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எப்பலேருந்து?"

"நீ சுவத்தை இடிச்சிக்கிட்டிருந்த. அப்பலேருந்து. வீட்டுக்கு வந்து அவ்வளவு சந்தோஷமா கம்பி, கண்ணாடின்னு சொல்லிக்கிட்டிருந்த. அதுல போய் எப்படிச் சொல்றது?"

கடையில் இரண்டு மூன்று பேர் டோனட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கூலியாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். குந்தியா சரூனின் எதிரே தரையில் மண்டியிட்டாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே திரும்பத் திரும்பச் சரிசெய்தாள்.

"சும்மாவாவது போயிட்டு வாங்க" என்றாள். "எனக்காக. ஒரு தடவை."

அவர் நாற்காலியைத் திருப்பி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அவள் எழுந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. மறுபடியும் ஒரு தடவை தண்ணீர் போனது.

காபி வாங்க வந்த ஒரு பெரியவர் கதவருகே வந்து கைப்பிடியைத் தொட்டார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இருக்காரு சார்" என்றாள் குந்தியா. "என் வீட்டுக்காரர் இருக்காரு. அவருக்கு நேரமாகும்."